விழும்போது மட்டும் எடுக்கும் படம்

இரவு இரண்டு பத்துக்கு
யாரும் பார்க்காத உலாவி ஒன்று
கிருஷ்ணகிரியில் விழித்துக்கொள்கிறது.
அதற்குத் திரை கிடையாது.
ராயக்கோட்டை ரோட்டில், பஞ்சர் கடைக்கு மேலே
என் அறையின் கறுப்புப் பெட்டிக்குள்
தானே திறந்து, தானே தட்டி,
தானே நடந்து போகிறது.

உள்ளே போகிறவர் பெயர் சோதனை விவசாயி ஏழு.
ஊர் என்ற கட்டத்தில் 'ஊர்' என்றே எழுதுவார்.
கைபேசி எண்: ஒன்பது, பத்து முறை.
நாலு டன் தோத்தாபுரி, எந்நாளும் நாலு டன்,
அழுகாது, எடை குறையாது,
மரமில்லாமல் காய்த்தது.
மாங்கூழ் ஆலைக்கு டோக்கன் கேட்டு
ஓர் இரவில் நூற்றிநாற்பது தடவை வாசல் தட்டுவார்.

திறந்தால் ஒரு பச்சைப் புள்ளி. அவ்வளவுதான்.
ஜெயித்ததற்குப் படம் கிடையாது.
விழுந்தால் மட்டும், விழுந்த அந்த நொடியில்
ஒரு படம் எடுத்து வை என்று
நான்தான் எழுதிவைத்தேன்.

முதல் வாரம் வந்ததெல்லாம் வெள்ளை.
பதினொரு படம், பதினொரு வெள்ளை.
இர்ஃபானா எட்டிப் பார்த்துச் சொன்னாள்:
"கடையைச் சாத்திட்டு உள்ள இருக்கறத போட்டோ எடுக்கறியே."
சரிதான். உலாவியை மூடிய பிறகு எடுத்திருக்கிறேன்.
இரண்டு வரிகளை இடம் மாற்றினேன்.
முதலில் பார்.
பிறகு மூடு.

ஆனி மாதம் மூன்றாம் செவ்வாய்
விடிந்தபோது நூற்றிநாற்பதும் சிவப்பு.
பதிவேடு ஒரே வாக்கியத்தை
நூற்றிநாற்பது தடவை சொல்லியிருந்தது:
பொத்தானை அழுத்த முடியவில்லை,
வேறொன்று குறுக்கே நிற்கிறது.
எது என்று அதற்குச் சொல்லத் தெரியவில்லை.
படத்தைத் திறந்தேன்.

பெயர், ஊர், நாலு டன், எல்லாம் நிரப்பியாயிற்று.
'டோக்கன் பெறுக' என்ற பொத்தானின் மேல்
ஒரு மஞ்சள் அட்டை:
"கூழ் இருப்பு மிகுதி. மறு அறிவிப்பு வரை கொள்முதல்
இல்லை. சிரமத்திற்கு வருந்துகிறோம்."
மூலையில் நேரம், இரண்டு பதினொன்று.

பல் தேய்க்காமல் டீக்கு இறங்கினேன்.
பஞ்சர் கடை ஓரமாக மூன்று லாரிகள்.
தார்ப்பாய் இடுக்கில் கை வைத்தால்
காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது காய்.
திம்மராயனாம் பெயர், பர்கூர்ப் பக்கம்.
"பஞ்சர் இல்லீங்க, நிக்கறதுக்கு ஒரு எடம்."
போனை நீட்டினார்.
"இது அமுங்கவே மாட்டேங்குது.
உங்களுக்கு இதெல்லாம் தெரியுமாமே?"

அதே மஞ்சள் அட்டை.
கீறல் விழுந்த சின்னத் திரையில்
'மறு அறிவிப்பு வரை கொள்முதல்' என்பதோடு நின்றிருந்தது.
'இல்லை' திரைக்கு வெளியே.
அட்டையை மூடும் பெருக்கல் குறியும்
வெளியேதான் எங்கோ.

அந்த ஒரு சொல்லை
நான் வாயால் சொல்ல வேண்டியிருந்தது.

ஒன்பதரைக்கு பெங்களூரிலிருந்து குருராஜ்:
"அது பிழையே இல்லையே.
அறிவிப்பு வந்தா மூடிட்டு மேல போகச் சொல்லு."
எழுதினேன், ஒரே வரி.
இருந்தால் மூடு, மூடிவிட்டு அழுத்து.
நூற்றிநாற்பதும் பச்சை.
கொள்முதல் இல்லாத ஆலையில்
காய்க்காத நாலு டன்னுக்கு
டோக்கன் கிடைத்துவிட்டது சோதனை விவசாயி ஏழுக்கு.

திம்மராயன் திரையைப் படமெடுத்து
'இல்லை தெரியவில்லை' என்று தலைப்பிட்டு
ஒரு புகார் போட்டுவைத்தேன்.
முன்னுரிமை என்ற கட்டத்தில்
யாரோ 'குறைவு' என்று மாற்றியிருக்கிறார்கள்.

முப்பது நாளானால் பழைய படங்கள் தாமாக அழியும்.
அதையும் எழுதியவள் நான்தான்.

சாயங்காலம் லாரிகள் இல்லை.
எந்தப் பக்கம் திரும்பின என்று
பஞ்சர் கடைப் பையனுக்கும் தெரியவில்லை.
நின்ற இடத்தில் மட்டும் சாறு சொட்டி
மூன்று கறை, மூன்றையும் சுற்றி எறும்பு.
குனிந்து படம் எடுத்தேன்.
"எதுக்குக்கா இது?" என்றான்.
சேமிக்கப் போனால் போனும் பெயர் கேட்டது.
நேரத்தை மட்டும் போட்டேன்.